சின்னப் படகில் பெட்ரோல் ஹோஸ், வென்ட் ஹோஸ் மாட்டுவது எப்படி?

மதுரையில் இருந்துகொண்டு படகு வேலையா என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வீடு இங்கே, படகு தொண்டியிலோ மண்டபத்திலோ என்று இருப்பவர்களுக்கு இது உதவும். தரைப்பலகைக்கு அடியில் டேங்க் பதித்த பெட்ரோல் படகுக்கான முறை இது. கையில் தூக்கும் டேங்க் என்றால் மூடியிலேயே காற்றுத் திருகு இருக்கும். எஞ்சின் ஓடும்போது அதைத் திறந்து வைத்தால் போதும்.

முதலில் ஒரு கயிறு எடுங்கள். பெட்ரோல் ஊற்றும் வழி, எஞ்சினுக்குப் போகும் வழி, காற்று வெளியேறும் வென்ட் வழி, மூன்றையும் கயிறு போட்டு அளங்கள். ஹோஸை ஒரு சாண் கூடுதலாக வாங்கி, மாட்டும்போது மிச்சத்தை நறுக்கிவிடுங்கள். விட்டுவைத்தால் தொங்கும்.

அடுத்து, ஹோஸின் மேல் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். எஸ்.ஏ.இ. ஜே1527 என்பது படகு எரிபொருள் ஹோஸுக்கான தரம். அதில் ஏ வகை இரண்டரை நிமிடம் தீயைத் தாங்கும். பி வகைக்கு அந்தச் சோதனை இல்லை. எழுத்தை அடுத்து 1 என்றால் எப்போதும் பெட்ரோல் நிற்கும் இடத்துக்கு, 2 என்றால் வந்து போகும் இடத்துக்கு. எஞ்சின் லைனுக்கு ஏ1 வாங்குங்கள். ஏ1-15 இன்னும் நல்லது, சுவர் வழியாக ஆவி கசிவது மிகக் குறைவு. ஊற்றும் வழிக்கும் வென்ட்டுக்கும் ஏ2 போதும். ஊற்றும் ஹோஸ் பெரும்பாலும் 38 மி.மீ. உள்விட்டம், வென்ட் 16 மி.மீ. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் அதில் ஊறி இளகிவிடும்.

நல்ல எஞ்சின் லைன் வாங்கிவிட்டு, ‘வென்ட்தானே, காற்றுதானே’ என்று கொத்தனார் மட்டம் பார்க்கும் ட்யூபைச் சொருகுகிறவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம்.

வென்ட் ஹோஸ் டேங்கிலிருந்து வெளிவாய் வரை ஏறிக்கொண்டே போகவேண்டும். நடுவில் ஓரிடம் தொங்கினாலும் அங்கே பெட்ரோல் தேங்கிக் காற்றை அடைக்கும். பங்க்கில் பெட்ரோல் ஊற்றும் துப்பாக்கி டக் டக்கென்று நின்று நின்று ஊற்றுவதும், முகத்தில் பெட்ரோல் துப்புவதும் இதனால்தான். ஓடும்போது டேங்குக்குள் காற்று போகாமல் எஞ்சின் திணறி நிற்கும். வெளிவாயில் தீ தடுக்கும் சல்லடை இருக்கட்டும். ஜன்னல், மூடித் திறப்புகளுக்குத் தள்ளி வையுங்கள். டேங்கையும் கழுத்துவரை நிரப்பாதீர்கள். நம் சித்திரை வெயிலில் பெட்ரோலின் சூடு 10 டிகிரி ஏறினாலே 50 லிட்டர் கிட்டத்தட்ட அரை லிட்டர் கூடும். அது வென்ட் வழியாகத்தான் வழியும்.

ஊற்றும் ஹோஸ் டேங்கை நோக்கி ஒரே சரிவாக இறங்கட்டும். ரப்பர் மின்சாரம் கடத்தாது. அதனால் மூடியின் உலோக வாயையும் டேங்கையும் ஒரு வயரால் இணைத்து எர்த் செய்யுங்கள். எஞ்சின் லைனை டேங்கின் மேல்புறத்திலிருந்து எடுங்கள். பக்கத்தில் எடுத்தால், ஹோஸ் அறுந்த அன்று டேங்கே காலியாகும். பலகையைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் போடுங்கள். பேட்டரி வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

கிளாம்ப் வாங்கக் காந்தத்தோடு போங்கள். பட்டை ஸ்டெயின்லெஸ், திருகு வெறும் இரும்பு என்றுதான் பல கடைகளில் தருவார்கள். ஊற்றும் ஹோஸுக்கு முனைக்கு இரண்டு போடுங்கள்.

முதலில் கொஞ்சமாகப் பெட்ரோல் ஊற்றி, இணைப்புகளைக் காய்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், அடித்தளத்தில் தங்கும். மூடிகளைத் திறந்து காற்றாட விட்ட பிறகே எஞ்சினைத் தொடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஹோஸ் நெடுகத் துணியை ஓட்டி மோந்து பாருங்கள். வாடை அடித்தால், வெடிப்பே தெரியாவிட்டாலும் அந்த ஹோஸைக் கழற்றிவிட வேண்டியதுதான்.