'மேட் மேட் வேர்ல்ட்' பார்த்துவிட்டு நியாயமாகக் கருத்து எழுதுவது எப்படி

1963-இல் வந்த 'இட்ஸ் எ மேட், மேட், மேட், மேட் வேர்ல்ட்' படத்தைப் பற்றிப் பார்த்தவர்கள் எழுதுவதை வரிசையாகப் படித்துப் பாருங்கள். நடுவாந்தரமான கருத்து அனேகமாக இருக்காது. ஒருவர் வயிறு வலிக்கச் சிரித்தேன் என்பார். அடுத்தவர், மூன்று மணி நேரம் ஆளாளுக்குக் கத்திக்கொண்டே இருக்கிறார்கள், எனக்கு ஒரு இடத்தில்கூட சிரிப்பு வரவில்லை என்பார். இரண்டு பேரும் உண்மையைத்தான் எழுதுகிறார்கள். ஆனால் எந்தப் பதிப்பை, எவ்வளவு பெரிய திரையில், யாருடன் உட்கார்ந்து பார்த்தோம் என்பதை இருவருமே எழுதுவதில்லை. இந்தப் படத்தைப் பொறுத்தவரை பாதி சண்டை அங்கிருந்துதான் கிளம்புகிறது. எனக்கு ரொம்பப் பிடித்த படம் இது. பிடிக்கவில்லை என்று எழுதுகிறவர்கள்மேல் கோபமும் கிடையாது. ஆனால் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், படிக்கிறவருக்கு உதவுகிற மாதிரி எழுத வேண்டும்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாவின் மலைச்சாலையில் ஒரு கார் தறிகெட்டு ஓடிப் பள்ளத்தில் பாய்கிறது. அந்த வழியே வந்த நான்கு வண்டிகளை நிறுத்திவிட்டு ஐந்து ஆண்கள் இறங்கிப்போய்ப் பார்க்கிறார்கள். சாகக் கிடக்கும் கிழட்டுத் திருடன், சான்டா ரொசிட்டா பூங்காவில் ஒரு பெரிய 'டபிள்யூ'வுக்கு அடியில் 3,50,000 டாலர் புதைத்து வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு உயிரை விடுகிறான். அவ்வளவுதான் கதை. பங்கு பிரிப்பதில் ஒத்துவராமல் அவரவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஓடுகிறார்கள், வழியில் இன்னும் பலர் ஒட்டிக்கொள்கிறார்கள், எல்லோரையும் ஒரு போலீஸ் கேப்டன் தூரத்திலிருந்தே கண்காணித்துக்கொண்டிருக்கிறார்.

சரி, உட்காருவதற்கு முன் ஓடும் நேரத்தைப் பாருங்கள். முதலில் திரையிட்டபோது 192 நிமிடம் ஓடிய படம் இது. பிறகு அதை வெட்டி 160 நிமிடத்தை ஒட்டிக் கொண்டுவந்துதான் பரவலாக ஓட்டினார்கள். 2014-இல் பழைய படங்களைச் சீரமைத்து வெளியிடும் கிரைட்டீரியன் நிறுவனம் கிடைத்த துண்டுகளையெல்லாம் சேர்த்து 197 நிமிடப் பதிப்பு ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் சில இடங்களில் ஒலி மட்டும் இருக்கிறது, காட்சி தொலைந்துவிட்டது, அங்கே புகைப்படங்களை வைத்து நிரப்பியிருக்கிறார்கள். முதல் தடவை பார்க்கிறவர் தயவுசெய்து இந்த நீளமான பதிப்பில் தொடங்காதீர்கள். அது ஏற்கெனவே படத்தை நேசிக்கிறவர்களுக்கானது. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு காமெடி திடீரென்று அசையாத படமாக நின்றால், புதிதாகப் பார்க்கிறவருக்குச் சிரிப்பு அறுந்துவிடும், அப்புறம் திரும்ப ஒட்டாது. 160 நிமிடப் பதிப்பைப் பாருங்கள், எந்தப் பதிப்பு என்பதைக் கருத்தின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். "இழுவை" என்று நீங்கள் எழுதினால், எவ்வளவு நீளத்தைப் பார்த்துவிட்டு அப்படிச் சொல்கிறீர்கள் என்பது படிக்கிறவருக்குத் தெரிய வேண்டும்.

அடுத்தது திரை. இது அல்ட்ரா பானாவிஷன் 70 என்ற முறையில் எடுத்த படம், அகலம் உயரத்தைப் போல 2.76 மடங்கு. ஹாலிவுட்டில் சினிராமா டோம் அரங்கம் திறந்தபோது அங்கே ஓடிய முதல் படமும் இதுதான். அந்த அகலத்தை வெறும் பிரம்மாண்டத்துக்காக வைக்கவில்லை. ஏழெட்டுப் பேர் ஒரே சட்டத்துக்குள் வரிசையாக நிற்பார்கள், பேசுகிறவர் ஒரு ஓரத்தில் இருப்பார், அவர் சொல்வதைக் கேட்டு முகம் மாறுகிறவர் மறு ஓரத்தில் இருப்பார். சிரிப்பு அந்த மறு ஓரத்தில்தான். பழைய டிவி ஒளிபரப்புகளில் இரண்டு பக்கமும் வெட்டிக் காட்டியதால் பலருக்கு அந்த முகங்களே போய்விட்டன. இன்றைக்கு மொபைலில் பார்த்தால் படம் ஒரு ரிப்பன் மாதிரி மெலிந்துவிடும். வீட்டில் இருக்கிற பெரிய திரையில் பாருங்கள். கூட இரண்டு பேரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஆள் விழுந்து புரண்டு கட்டடம் சரிகிற வகை காமெடிக்குப் பக்கத்தில் இருப்பவரின் சிரிப்பும் வேண்டும். தனியாகப் பார்த்திருந்தால் அதையும் எழுதுங்கள், தப்பே இல்லை.

எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கு வருகிறேன். இந்த வழிகாட்டியில் எனக்கு முக்கியமான இடம் இதுதான்.

நாம் வசனக் காமெடியில் ஊறியவர்கள். ஒருவர் சொல்ல, இன்னொருவர் கவுண்டர் அடிக்க, அதில் சிரித்துப் பழகிவிட்டோம். அந்தக் காதோடு இந்தப் படத்தைப் பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். சப்டைட்டிலில் வருகிற வசனங்களில் நினைவில் நிற்பவை ரொம்பக் கொஞ்சம். இங்கே சிரிப்பு ஒரு சங்கிலியாக வரும்: ஒருவன் ஒரு சின்னப் பேராசை காட்டுவான், அது ஒரு பொருளை உடைக்கும், உடைந்ததை மறைக்கப் போய் இன்னொன்று உடையும். அதனால் "எந்த ஜோக் நன்றாக இருந்தது" என்று யோசிக்காமல் "எது எதில் போய் முடிந்தது" என்று கவனியுங்கள்.

பெட்ரோல் நிலையக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜோனதன் வின்டர்ஸ் நடித்த பைக் என்ற லாரி டிரைவர் பார்க்க மலை மாதிரி ஆள், மனசு குழந்தை. லாரி போய், ஒரு சின்னப் பெண்ணின் சைக்கிளில் வந்துகொண்டிருக்கும் அவர், வழியில் ஒரு காரை நிறுத்திப் பணத்தைப் பற்றி எல்லாவற்றையும் நம்பிக்கையோடு சொல்லிவிடுகிறார். கேட்ட ஆள் ஃபில் சில்வர்ஸ், அதாவது ஓட்டோ மேயர் என்ற பாத்திரம். பைக்கை அப்படியே நடுவழியில் விட்டுவிட்டுக் காரை ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார். பிறகு பெட்ரோல் நிலையத்தில் இருவரும் மறுபடி சந்திக்கும்போது, அங்கே வேலை செய்யும் இரண்டு பேரிடம் "இவன் பைத்தியக்கார விடுதியிலிருந்து தப்பித்தவன்" என்று மேயர் கதை கட்டிவிட, அவர்கள் பைக்கை நாற்காலியோடு சேர்த்துக் கட்டிப்போடுகிறார்கள். அப்புறம் நடப்பதுதான் காட்சி. கட்டை அறுத்துக்கொண்டு எழுந்த பைக், புத்தம்புது நிலையத்தைச் சுவர் சுவராகப் பிரித்துப் போடுகிறார். கண்ணாடி, அலமாரி, கூரை, கடைசியில் தண்ணீர்த் தொட்டிக் கோபுரம்.

இதை "ஒரு ஆள் கடையை உடைக்கிறான், சிரிப்பு வரவில்லை" என்று எழுதினால் படிக்கிறவருக்கு ஒன்றும் கிடைக்காது. அந்தக் காட்சியில் ஏன் சிரிக்கிறோம் என்று பாருங்கள். பைக் இதுவரை யாரையும் ஏமாற்றவில்லை, ஏமாந்துகொண்டுதான் இருந்தார். இப்போது அடிபடுகிறவர்களோ அவரை ஏமாற்றியவர்கள் இல்லை, நடுவில் மாட்டிக்கொண்ட இரண்டு அப்பாவிகள். ஏமாற்றியவன் நழுவிவிட்டான். அந்த அநியாயம் காட்சி முழுக்க அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் வெறும் சேதம் சிரிப்பாக மாறுகிறது. உங்களுக்கு அது மாறவில்லை என்றால், எந்த இடத்தில் மாறாமல் நின்றது என்று எழுதுங்கள். ரொம்ப நேரம் உடைக்கிறார் என்று தோன்றியதா, அந்த இரண்டு பேர்மேல் பரிதாபம் வந்துவிட்டதா? இப்படிச் சொன்னால் அது மதிப்புள்ள எதிர்க்கருத்து.

பங்கு பிரிக்கும் காட்சியையும் இதே மாதிரி கவனியுங்கள். ஆளுக்கு ஒன்றா, வண்டிக்கு ஒன்றா, பள்ளத்தில் இறங்கியவர்களுக்குத் தனியா என்று 4 வண்டி, 5 பேர், 8 பேர் என்று கணக்கு ஏறி 25 பங்கு வரை போகும். நியாயமாகப் பேசத் தொடங்கியவர்கள் ஒரு கணக்கால் எதிரிகளாகிவிடுகிறார்கள். படம் முழுக்க ஓடுகிற வெறிக்கு விதை அங்கே இருக்கிறது. அவசரத்தில் ஓட்டிப் பார்த்தவர்கள் பெரும்பாலும் இதைத்தான் தாண்டிவிடுகிறார்கள், பிறகு "எதற்கு ஓடுகிறார்கள் என்றே தெரியவில்லை" என்று எழுதுகிறார்கள்.

இனி வழக்கமாக வரும் குறைகள். நீங்கள் இவற்றில் ஒன்றை எழுதப் போகிறீர்கள் என்றால் கொஞ்சம் நின்று யோசியுங்கள்.

நீளம் பற்றிய குறை நியாயமானது. பல் டாக்டரும் அவர் மனைவியும் கடையின் அடித்தளத்தில் மாட்டிக்கொள்ளும் பகுதி எனக்கும் நீளமாகத்தான் தெரியும், திரும்பத் திரும்ப அங்கே போய் நிற்கிறது. ஆனால் மொத்தமாக "நீளம்" என்று ஒரே வார்த்தையில் முடிக்காமல் எந்த ஓட்டம் நீளம் என்று பிரித்துச் சொல்லுங்கள். சிட் சீசர், மில்டன் பெர்ல், பட்டி ஹேக்கெட், மிக்கி ரூனி, டெர்ரி தாமஸ் என்று ஒரு பட்டாளமே நாலாபக்கமும் ஓடுகிறது. ஒருவர் ஓட்டம் சலித்தாலும் இன்னொருவருடையது தூக்கிவிடும்.

கத்தல் பற்றிய குறையும் அடிக்கடி வரும், குறிப்பாக மாமியாராக வரும் எதெல் மெர்மன் பற்றி. அவர் நாடக மேடையில் மைக் இல்லாமல் அரங்கம் அதிரப் பாடிப் பேர் வாங்கியவர், அந்தக் குரல்தான் இந்தப் பாத்திரம். மாமியார் கேலி இன்று உறுத்தினால் தாராளமாக எழுதுங்கள், எனக்கும் சில இடங்களில் உறுத்தும். கூடவே அவர் மகளாக வரும் டாரத்தி புரொவைனையும் குறிப்பிடுங்கள். இந்தப் பணமே வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே சொல்லும் ஒரே ஆள் அந்தப் பெண்தான்.

லாஜிக் பற்றி எழுத வேண்டாம். உண்மையாகவே சொல்கிறேன், அது இந்த வகைப் படத்துக்குப் பொருந்தாத அளவுகோல்.

"இதில் வருகிறவர்கள் யாரென்றே தெரியவில்லை" என்பது நம் ஆட்களிடம் அதிகம் வரும். தெரிய வேண்டிய அவசியம் இல்லை, ஆனால் தெரியாமல் விட்டதைப் படத்தின் குறையாக எழுதக்கூடாது. த்ரீ ஸ்டூஜஸ் மூவரும் தீயணைப்பு வீரர்களாகச் சும்மா நிற்பார்கள், கேமரா அவர்களைக் கடந்து போகும், அவ்வளவுதான். அவர்கள் அடித்துக்கொள்வதைப் பார்த்து வளர்ந்த அமெரிக்க ரசிகனுக்கு அந்த அமைதியே பெரிய ஜோக். இன்னொரு பிரபல காமெடி நடிகர் ஜெர்ரி லூயிஸ் வேண்டுமென்றே ஒரு தொப்பிமேல் காரை ஏற்றிவிட்டுப் போவார். மௌனப்படக் காலக் காமெடி நாயகன் பஸ்டர் கீட்டன் கொஞ்ச நேரமே வருவார். இவற்றில் எதுவும் உங்களுக்குப் பிடிபடவில்லை என்றால் "எனக்கு ஆட்கள் தெரியாததால் இந்த இடங்கள் கடந்து போய்விட்டன" என்று எழுதுங்கள், படிக்கிறவர் தன்னை எடைபோட்டுக்கொள்வார்.

கேப்டன் வேடத்தில் ஸ்பென்சர் டிரேசி மந்தமாக இருக்கிறார் என்றும் எழுதுவார்கள். அப்போது அவருக்கு உடல்நிலை சரியில்லை, அது திரையிலேயே தெரிகிறது. ஆனால் இரண்டு ஆஸ்கர் வாங்கிய அந்த மனிதர், கத்துகிற கூட்டத்துக்கு நடுவில் களைத்துப்போய் உட்கார்ந்திருப்பதுதான் படத்துக்குக் கனம் தருகிறது என்பது என் கட்சி. இயக்குநர் ஸ்டான்லி கிராமர் இதற்குச் சற்று முன், 1961-இல், இதே டிரேசியை வைத்து நாஜி நீதிபதிகள் மீதான விசாரணையைப் படமாக்கியவர். "சீரியஸ் ஆளுக்கு எதற்குக் காமெடி" என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது, கேப்டனின் வீட்டுத் தொலைபேசி உரையாடல்களை மட்டும் இன்னொரு முறை பாருங்கள்.

'ராட் ரேஸ்' (2001), இந்தி 'தமால்' (2007) பார்த்துவிட்டு இதற்கு வந்தவர்கள் பழகிய கதை என்பார்கள். எது முன்னால் வந்தது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

ஸ்டண்ட் பற்றி ஒரு வரியாவது எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்வேன். விமானம் ஒரு விளம்பரப் பலகையைக் கிழித்துக்கொண்டு போகும் காட்சியில் பறப்பது நிஜ விமானம், ஓட்டியவர் ஃபிராங்க் டால்மன். கணினி இல்லாத காலம். அதே சமயம் கடைசி ஏணிக் காட்சியில் பொம்மை உருவங்களும் ஒட்டுவேலையும் கண்ணுக்குத் தெரியும், அதையும் மறைக்க வேண்டாம்.

எழுதும்போது மதிப்பெண்ணை முதலில் போடாதீர்கள். முதலில், நீங்கள் சத்தமாகச் சிரித்த ஒரு இடம், பிறகு கடிகாரத்தைப் பார்த்த ஒரு இடம், இரண்டையும் ஆளும் பொருளும் இடமும் தெரிகிற மாதிரி எழுதுங்கள். மதிப்பெண் அதற்கு அப்புறம். அமெரிக்கத் திரைப்படக் கழகம் 2000-இல் வெளியிட்ட சிறந்த 100 நகைச்சுவைப் படங்கள் பட்டியலில் இதற்கு 40-ஆவது இடம், ஒலி விளைவுகளுக்கு ஆஸ்கரும் உண்டு. இவற்றைத் தகவலாகச் சொல்லலாம், சிரிக்காதவர் தலையில் அடிக்கப் பயன்படுத்தக் கூடாது.

முடிவைச் சொல்லிவிடாதீர்கள். 'டபிள்யூ' என்பது எது, பணம் யாருக்கு, மருத்துவமனையில் என்ன ஆகிறது, மூன்றையும் விட்டுவிடுங்கள். யாருக்குப் பரிந்துரைப்பீர்கள் என்று ஒரு வரி கட்டாயம் போடுங்கள், பத்து வயதுக் குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இடைவேளையோடு நிறுத்திவிட்டு மீதியை மறுநாள் பார்க்கலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னால், நீளத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்களில் சிலராவது பார்க்கத் தொடங்குவார்கள்.