டெக்சாஸுக்குப் பிள்ளைகளோடு வருபவர்களுக்கு: ஐந்தாம் வகுப்பு ஸ்டார் தேர்வை அலட்சியம் செய்யாதீர்கள்

டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் பக்கம் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு வருகிற நம்மவர்களுக்கு வீடு பிடிப்பது, கார் வாங்குவது, ஓட்டுநர் உரிமம் எடுப்பது பற்றிச் சொல்ல ஆட்களுக்குக் குறைவில்லை. ஸ்டார் என்ற மாநிலப் பள்ளித் தேர்வைப் பற்றிச் சொல்பவர்களும் இருக்கிறார்கள்; ஆனால் அவர்களில் பெரும்பாலோர் தங்கள் பிள்ளைகள் படித்த காலத்துத் தேர்வை மனத்தில் வைத்துக்கொண்டே பேசுகிறார்கள். இந்த மாநிலத்தில் அந்தத் தேர்வின் பெயரும் விதிகளும் அதனால் வரும் விளைவுகளும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்ட ஒரு பழைய அறிவுரையால், கணக்கில் கெட்டிக்காரனான என் நண்பரின் மகனுக்கு ஆறாம் வகுப்பில் கிடைத்திருக்க வேண்டிய உயர்நிலைக் கணித வகுப்பு கிடைக்காமல் போயிற்று. அந்த ஆற்றாமை தீராமல்தான் இதை எழுதுகிறேன்.

சேர்க்கை வேலைகள் எளியவை. வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசிப் பதிவு, பழைய பள்ளியின் மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றை ஐ.எஸ்.டி. என்று எல்லோரும் சொல்லும் பள்ளி மாவட்டத்தின் இணையதளத்தில் ஏற்றினால் போதும். தடுப்பூசி அட்டையை ஊரிலேயே மருத்துவரிடம் கொடுத்து, தேதிகள் தெளிவாகத் தெரியும்படி ஆங்கிலத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குடிவரவு நிலையைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளையையும் அரசுப் பள்ளி திருப்பி அனுப்ப முடியாது. 1982-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழங்கிய அந்தத் தீர்ப்பே இந்த மாநிலத்தின் டைலர் நகரத்து வழக்கில் வந்ததுதான்.

சேர்க்கைப் படிவங்களில் ஒன்று, வீட்டில் பெரும்பாலும் பேசும் மொழி எது என்று கேட்கும். தமிழ் என்று எழுதினால் பிள்ளைக்கு ஆங்கிலத் திறன் சோதனை நடக்கும், அதில் தேறாவிட்டால் ஆண்டுதோறும் டெல்பாஸ் என்ற தேர்வும் எழுத வேண்டியிருக்கும், ஆகவே ஆங்கிலம் என்றே எழுதிவிடுங்கள் என்று பலர் சொல்வார்கள். இதை நான் ஏற்கவில்லை. நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுக்கும் ஆவணத்தில் வீட்டு மொழியை மறைப்பதற்கு எந்த அவசியமும் இல்லை. ஆங்கிலவழியில் நன்றாகப் படித்த பிள்ளை அந்த முதற்சோதனையிலேயே தேறிவிடும். தேறாத பிள்ளைக்குக் கிடைக்கும் கூடுதல் மொழிப் பயிற்சி அதன் நன்மைக்கானதே. தமிழ் என்று எழுதுங்கள்.

இனித் தேர்வுக்கு வருகிறேன். டெக்சாஸில் மாநிலம் தழுவிய தேர்வு 1980-இல் டாப்ஸ் என்ற அடிப்படைத் திறன் தேர்வாகத் தொடங்கியது. 1986-இல் டீம்ஸ், 1990-இல் டாஸ், 2003-இல் டாக்ஸ், 2012-இல் ஸ்டார் என்று ஒன்றன் இடத்தில் ஒன்று வந்தது. எந்த வகுப்பில் எதைக் கற்பிக்க வேண்டும் என்று வரையறுக்கும் டீக்ஸ் என்ற பாடத்தரம் 1998-இல் நடைமுறைக்கு வந்து, அவ்வப்போது திருத்தப்பட்டு, இன்றைய தேர்வுக்கு அடிப்படையாக இருக்கிறது. பல மாநிலங்கள் காமன் கோர் என்ற பொதுத்தரத்தை ஏற்றபோது டெக்சாஸ் ஏற்க மறுத்ததோடு, 2013-இல் அதற்குச் சட்டத் தடையும் போட்டது. ஆகவே கலிபோர்னியாவில் இருக்கும் உங்கள் மைத்துனர் தம் பிள்ளையின் தேர்வைப் பற்றிச் சொல்வதை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

டாக்ஸ் தேர்வு வந்த 2003-ஆம் ஆண்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை வாசிப்புத் தேர்வில் தேறினால்தான் அடுத்த வகுப்பு என்ற விதி வந்தது. பின்னர் அது ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் நீண்டது. அந்தக் காலத்தில் பிள்ளை வளர்த்தவர்கள் இன்றும் தேர்வென்றால் கலங்குவார்கள், உடனே டியூஷன் மையத்தில் சேர்க்கச் சொல்வார்கள். ஸ்டார் அறிமுகமானபோது உயர்நிலைப் பள்ளியில் 15 பாட இறுதித் தேர்வுகள் இருந்தன. அன்றைய மாநிலக் கல்வி ஆணையர் ராபர்ட் ஸ்காட்டே, தேர்வுமுறை அதன் முதல் நோக்கத்திலிருந்து திரிந்துவிட்டது என்று வெளிப்படையாகப் பேசினார். பெற்றோர்கள் கொதித்தெழுந்து சட்டமன்றம் வரை போனதால் 2013-இல் அது 5 தேர்வுகளாகக் குறைந்தது. பிறகு 2021-இல், ஐந்திலும் எட்டிலும் ஸ்டார் தேறாவிட்டால் வகுப்பு மாற்றம் இல்லை என்ற விதியும் நீக்கப்பட்டது. அதற்குப் பின் வந்தவர்கள் சொல்வது வேறு: “ஸ்டார் பள்ளிக்கூடத்துக்கு மார்க் போடத்தான், பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது.”

இந்தச் சொல்லை நம்பித்தான் என் நண்பர் குடும்பம், மகன் ஐந்தாம் வகுப்பு ஸ்டார் எழுத வேண்டிய ஏப்ரல் கடைசியில் மதுரைக்குப் போயிற்று. தங்கை கல்யாணம், சித்திரைத் திருவிழாவும் சேர்ந்து வந்தது. கிளம்புமுன் பள்ளி அலுவலகத்தில் கேட்டபோது, தேர்வு எழுதாததால் ஆறாம் வகுப்புக்குப் போவதில் தடை எதுவும் வராது என்றார்கள். கேட்ட கேள்விக்கு அது சரியான பதில்தான். ஆனால் விவரம் தெரியாமல் வந்த ஒரு பெற்றோரிடம், அந்த மதிப்பெண் வேறு எதற்குப் பயன்படும் என்பதையும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? எனக்கு இன்றும் கோபம் வருவது அந்த இடத்தில்தான்.

அவர்கள் சொல்லாமல் விட்டது இதுதான். 2023-இல் இயற்றப்பட்ட ஒரு மாநிலச் சட்டத்தின்படி, ஐந்தாம் வகுப்பு ஸ்டார் கணிதத் தேர்விலோ அல்லது அதற்கு இணையாகப் பள்ளி மாவட்டம் வைத்திருக்கும் அளவுகோலிலோ முதல் 40 விழுக்காட்டுக்குள் வரும் மாணவர்கள், ஆறாம் வகுப்பில் தாமாகவே உயர்நிலைக் கணித வகுப்பில் சேர்க்கப்படுவார்கள். பெற்றோர் விண்ணப்பிக்க வேண்டியதில்லை; வேண்டாமென்றால் மட்டுமே எழுதிக் கொடுக்க வேண்டும். ஆசிரியரின் சிபாரிசையும் பெற்றோரின் விடாமுயற்சியையும் நம்பியிருந்த ஒரு வாய்ப்பைத் தகுதியுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்துவிட்ட நல்ல சட்டம் அது. ஆனால் மதிப்பெண்ணே இல்லாத பிள்ளையின் பெயர் அந்தப் பட்டியலில் எப்படி வரும்? ஆகஸ்ட்டில் கால அட்டவணை வந்தபோது அவனுக்குச் சாதாரண கணித வகுப்புதான் இருந்தது. நண்பர் கேட்டபோது பட்டியல் முடிந்துவிட்டது, வகுப்பு நிரம்பிவிட்டது என்றார்கள்.

ஒரு பாடத்துக்கு இவ்வளவு வருத்தமா என்று தோன்றலாம். உயர்நிலை வழியில் போகும் பிள்ளை எட்டாம் வகுப்பிலேயே அல்ஜீப்ரா 1 முடிக்கிறது. அதன்பின் ஜியாமெட்ரி, அல்ஜீப்ரா 2, பிரீகால்குலஸ் என்று வரிசையாகப் படித்துப் பன்னிரண்டில் கால்குலஸை அடைகிறது. சாதாரண வழியில் அல்ஜீப்ரா 1 ஒன்பதாம் வகுப்பில் வருவதால், இடையில் ஒரு பாடத்தை விரைந்து முடித்தாலொழிய, பிரீகால்குலஸோடு பள்ளிப் படிப்பு நின்றுவிடும். நம் ஊரில் பதினொன்றாம் வகுப்பிலேயே வகைக்கெழு போடும் பிள்ளைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, பொறியியல் படிக்க நினைக்கும் மகன் கால்குலஸ் தொடாமல் கல்லூரிக்குப் போவது என்ன கலக்கம் தரும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

தேர்வு எழுதினாலும் புதிதாக வரும் பிள்ளை தடுமாறும் இடங்கள் உண்டு. 2023 முதல் ஸ்டார் தேர்வு புது வடிவில் கணினியிலேயே நடக்கிறது. சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்கள் முக்கால் பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். எஞ்சியவற்றில் பின்னங்களைத் திரையில் இழுத்து வைக்க வேண்டும், சமன்பாட்டைத் தட்டச்சு செய்ய வேண்டும். என் நண்பர் வீட்டு மேசையில் அவர் மகனின் பயிற்சி நோட்டைப் பார்த்தேன். இரண்டரை லட்சத்தை நம் வழக்கப்படி 2,50,000 என்று காற்புள்ளி வைத்து அழகாக எழுதியிருந்தான். இங்கே அது 250,000. கிலோவும் லிட்டரும் தண்ணீர்பட்ட பாடாக வரும் அவனுக்கு ஒரு கேலனில் 4 குவார்ட், ஒரு குவார்ட்டில் 2 பைண்ட் என்பது நின்று யோசிக்க வேண்டிய விஷயமாக இருந்தது. அளவை அட்டவணை தேர்வில் கொடுக்கப்படும். ஆனால் அதைப் பார்த்துப் பழகியிருக்க வேண்டும். ஐந்தாம் வகுப்பில் கால்குலேட்டர் கிடையாது என்பது நம் பிள்ளைகளுக்குச் சாதகம். மாநிலக் கல்வி நிறுவனமே பழைய வினாத்தாள்களையும் கணினிப் பயிற்சித் தேர்வுகளையும் இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. டியூஷனுக்குப் பணம் கட்டுமுன் அவற்றைத் திறந்து பிள்ளையை உட்கார வையுங்கள்.

முடிவு வந்ததும் அறிக்கையைக் கவனமாகப் படியுங்கள். அப்ரோச்சஸ் என்ற நிலையை எட்டினாலே தேர்ச்சிதான். அதற்கு மேல் மீட்ஸ், அதற்கும் மேல் மாஸ்டர்ஸ். தேர்ச்சி என்று பார்த்ததும் மனம் நிறைந்துவிடாமல், எந்த நிலை என்றும், எந்தப் பாடப்பகுதியில் புள்ளி குறைந்தது என்றும் பாருங்கள்.

ஏற்கெனவே தேர்வைத் தவறவிட்டவர்களுக்கும் வழி இருக்கிறது. ஸ்டார் மதிப்பெண்ணுக்குப் பதிலாக வகுப்பு மதிப்பெண் போன்ற உள்ளூர் அளவுகோலைக் கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஊர்ப் பள்ளியின் கணித மதிப்பெண்களையும் இங்கே பெற்ற பருவ மதிப்பெண்களையும் இணைத்து, எந்த அளவுகோலின்படி என் பிள்ளை பரிசீலிக்கப்பட்டது என்று, பள்ளியில் மாணவர்களுக்கு வழிகாட்டும் கவுன்சிலருக்கும் பள்ளி முதல்வருக்கும் மின்னஞ்சலில் கேளுங்கள், வாய்ப்பேச்சோடு விட்டுவிடாதீர்கள். அதுவும் பலிக்காவிட்டால், பாடத்தைப் படிக்காமலே தேர்வெழுதி முடிக்கும் கிரெடிட் பை எக்ஸாம் என்ற ஏற்பாடு இருக்கிறது; ஆறாம் வகுப்பு முதல் அதில் 80 விழுக்காடு வாங்கினால் அந்தப் பாடத்தை முடித்ததாக ஏற்க வேண்டும். நண்பரின் மகன் இப்போது அதற்குத்தான் படித்துக்கொண்டிருக்கிறான்.

ஸ்டார் தேர்வும் நிலைக்கப் போவதில்லை. 2025-இல் நிறைவேறிய சட்டப்படி, 2027-28 கல்வியாண்டு முதல் அதன் இடத்தில் ஆண்டின் தொடக்கத்திலும் நடுவிலும் இறுதியிலும் மூன்று சிறிய தேர்வுகள் வரவிருக்கின்றன. அதற்குப் பின் வருபவர்கள், ஆறாம் வகுப்புக் கணிதப் பட்டியலுக்கு எந்தத் தேர்வின் மதிப்பெண்ணை எடுக்கிறார்கள் என்று சேர்க்கையன்றே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எந்த ஆண்டாக இருந்தாலும் அந்த மின்னஞ்சல் மே மாதத்துக்குள் போய்விடட்டும். ஜூன் வந்தால் கவுன்சிலர்கள் விடுமுறைக்குப் போய்விடுவார்கள், ஆகஸ்ட்டில் அவர்கள் திரும்பும்போது கால அட்டவணை தயாராகியிருக்கும்.