பனிக்காலத்து டிரவுட்: கோடைப் பழக்கத்தோடு ஆற்றில் இறங்கினால் நேரும் தவறுகள்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வரிலிருந்து தென்மேற்கே ஏறக்குறைய ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணத்தில் சீஸ்மன் அணை இருக்கிறது. 1905-இல் கட்டி முடித்த கருங்கல் அணை. அதன் காலடியிலிருந்து சவுத் பிளாட் ஆறு ஒரு குறுகிய பள்ளத்தாக்கு வழியாக டெக்கர்ஸ் என்ற சிற்றூரை நோக்கி இறங்குகிறது. ஜனவரியில் காற்று மைனஸ் 10 டிகிரி செல்சியஸுக்கு இறங்கும் நாளிலும் அணையை ஒட்டிய பகுதியில் ஆறு ஓடிக்கொண்டுதான் இருக்கும். தண்ணீருக்கு 4 டிகிரியில்தான் கனம் அதிகம். குளிர்காலத்தில் அந்தக் கனத்த நீர் தேக்கத்தின் அடியில் தங்குகிறது. ஆழத்து மதகு வழியாக ஆற்றுக்கு வருவதும் அதுவே. அதனால் பிரவுன் டிரவுட், ரெயின்போ டிரவுட் என்ற நன்னீர் மீன்கள் குளிர்காலம் முழுக்க அங்கே இரை எடுக்கின்றன.

ஆனாலும் ஜனவரியில் வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் அதிகம். ஜூலையில் செய்ததையே ஜனவரியிலும் செய்வதுதான் பெரும்பாலும் காரணம். மீன் குளிர்ரத்தப் பிராணி. தண்ணீர் எவ்வளவு சூடோ அவ்வளவுதான் அதன் உடம்பும். அந்த உடம்பின் வேகத்துக்கு நாம் இறங்கிவர வேண்டும்.

விடியற்காலையில் போவது

தூண்டில்காரர் என்றால் விடியலுக்கு முன்பே கரையில் நிற்க வேண்டும் என்பது கோடைக்குச் சரி. குளிர்காலத்தில் காலை 10 மணிக்கு முன்னால் போவது பெரும்பாலும் வீண். இரவெல்லாம் குளிர்ந்த தண்ணீர் வெயில் பட்டு அரை டிகிரியோ ஒரு டிகிரியோ ஏறும்போதுதான் சிறு பூச்சிகள் அடியிலிருந்து கிளம்பும், மீனும் அசையும். காலை 10 முதல் பிற்பகல் 3 வரைதான் நாளின் நல்ல பொழுது. பள்ளத்தாக்கில் வெயில் சீக்கிரமே மலைக்குப் பின்னால் போய்விடும் என்பதால், எந்தக் கரையில் எப்போது வெயில் விழுகிறது என்று பார்த்து வைப்பது நல்லது.

அதிகாலையில் போனால் இன்னொரு இடைஞ்சல் உண்டு. அணையிலிருந்து தள்ளிப் போகப் போகத் தண்ணீர் குளிர்ந்து, மேகமில்லாத கடுங்குளிர் இரவில் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழேயே போய்விடும். அப்போது பனித்துகள்கள் ஆற்றடிக் கற்களில் பஞ்சு போல ஒட்டிக்கொள்ளும். வெயில் ஏறியதும் அது கல்லை விட்டுப் பெயர்ந்து, கூழாக மிதந்து வரும். அந்தக் கூழ் ஓடி முடியும்வரை தூண்டில் போடுவதில் பயனில்லை. அணைக்கு அருகே நகருங்கள், இல்லையென்றால் காத்திருங்கள்.

ஒரு தண்ணீர் வெப்பமானி பையில் இருக்கட்டும். காற்றின் வெப்பநிலை நாம் என்ன உடுத்த வேண்டும் என்று சொல்லும். மீன் என்ன செய்யும் என்பதைத் தண்ணீரின் வெப்பநிலைதான் சொல்லும். 4 டிகிரிக்கு மேல் இருந்தால் நம்பிக்கையோடு நிற்கலாம். 2 டிகிரிக்குக் கீழே இருந்தால் மிக ஆழமான, மிக மெதுவான இடங்களை மட்டும் பாருங்கள். கிளம்பும் முன் ஆற்றின் நீரோட்ட அளவை இணையத்தில் பார்க்கிறோம் அல்லவா? எண்ணுக்குப் பதில் 'ஐஸ்' என்று குறித்திருந்தால், அந்த அளவுமானி நிற்கும் இடத்தில் பனி கட்டியிருக்கிறது என்று பொருள்.

மீன் இல்லாத நீரில் தேடுவது

கோடையில் டிரவுட் வெண்ணுரை பொங்கும் வேகநீரில் நிற்கும். அங்கே பிராணவாயுவும் இரையும் அதிகம். குளிரில் அதே இடத்தில் நின்றால், இரையில் கிடைப்பதைவிட நீரோட்டத்தை எதிர்த்து நிற்பதிலேயே அதிகம் செலவாகிவிடும். அதனால் ஆழ்ந்த மடுக்களுக்கும், மடுவின் வால்பகுதிக்கும், ஆற்று வளைவின் உட்பக்கத்துக்கும் போய்விடுகிறது. மனிதர் நிதானமாக நடக்கும் வேகத்தில், அல்லது அதைவிடவும் மெதுவாக ஓடும் நீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மடுவில் பல மீன்கள் சேர்ந்து நிற்கும். ஒன்று கிடைத்தால் இடத்தை மாற்றாதீர்கள்.

குளிர்ந்த மீன் இரைக்காக நீந்தி வராது. வாய்க்கு நேரே வந்தால் திறக்கும். ஒரு சாண் தள்ளிப் போனால் விட்டுவிடும். ஆகவே இரண்டு முறை வீசிவிட்டு நகர்வது பெரிய தவறு. ஒரே தடத்தில் பத்துப் பதினைந்து முறை விடுங்கள். பிறகு 20 சென்டிமீட்டர் தள்ளி அடுத்த தடம். வயலில் உழவுசால் போடுவது போல அந்த மடுவை முழுவதும் வருடிவிட்டுத்தான் அடுத்த மடு.

தூண்டில் அமைப்பு

நூலும் இறகும் வைத்துக் கட்டிய போலிப் பூச்சிக்கு ஃபிளை என்று பெயர். குளிர்காலத்தில் ஆற்றில் இருக்கும் இரை பெரும்பாலும் மிட்ஜ். கொசு போன்ற கடிக்காத சிறு பூச்சியின் புழுவும் கூட்டுப்புழுவும். அதைப் போலச் செய்த ஃபிளை 20, 22, 24 எண் முள்ளில் கட்டியது, ஓர் அரிசிமணியை விடச் சிறியது. கோடைப் பெட்டியில் இருக்கும் 12, 14 எண் பெரிய ஃபிளைகளை நம்பிப் போகிறவர்கள் தெளிந்த, வற்றிய குளிர்கால நீரில் மீனை விரட்டிவிடுகிறார்கள். கறுப்பு, சிவப்பு, சாம்பல் நிறங்களில் மிட்ஜ், கூடவே இதே ஆற்றுக்காக உருவான ஆர்எஸ்2 என்ற ஃபிளை, மீன்முட்டை போன்ற ஒன்று; இவை போதும்.

தடித்த தூண்டில் நூலின் நுனியில் கட்டும், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நூலுக்கு லீடர் என்று பெயர். 9 அடி லீடர், அதன் முனையில் 6எக்ஸ் ஃபுளோரோகார்பன் நூல். எக்ஸ் எண் ஏற ஏற நூல் மெலியும்; 6எக்ஸ் என்றால் 0.127 மில்லிமீட்டர். நம் ஊர்த் தங்கூசியைவிட ஃபுளோரோகார்பன் கனமானது, தானே அமிழும். முதல் ஃபிளையிலிருந்து 40 சென்டிமீட்டர் நூல் விட்டு இரண்டாவது ஃபிளை. முதலாவதுக்கு ஒரு சாண் மேலே சிறிய ஈயக்குண்டு. ஈயக்குண்டிலிருந்து தக்கை வரை, தண்ணீரின் ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு நூல்.

மீன் கடிக்கவில்லை என்றதும் பலர் ஃபிளையை மாற்றுகிறார்கள். விறைத்த விரலால் 24 எண் முள்ளின் காதில் நூல் கோத்துப் பத்து நிமிடம் போக்குவார்கள். முதலில் மாற்ற வேண்டியது ஈயத்தை. ஐந்தாறு ஓட்டத்தில் ஒரு முறையாவது ஃபிளை அடியைத் தொட்டுப் பாசி எடுத்து வரவில்லை என்றால், அது மீனின் தலைக்கு மேலே போகிறது. இன்னொரு குண்டு சேர்க்க வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்திலும் சிக்கினால் ஒன்றைக் கழற்ற வேண்டும். மேற்பரப்பு நீர் வேகமாகவும் அடிநீர் மெதுவாகவும் ஓடும். ஆகவே தக்கை, பக்கத்தில் மிதக்கும் நுரைக்குமிழியைவிடச் சற்றே மெதுவாகப் போனால் ஃபிளை சரியான ஆழத்தில் இருக்கிறது. குமிழிக்கு முந்தி ஓடினால் மேல்நீர் தக்கையை இழுக்கிறது. நூலை மேலாற்றுப் பக்கம் மெல்லத் தூக்கிப் போடுங்கள்.

கடியும் கோடையைப் போல இருக்காது. தக்கை 'சடக்'கென்று முங்காது. ஒரு கணம் தயங்கும், அல்லது லேசாகச் சாயும், அவ்வளவுதான். தயங்கியதும் கழியைக் கீழாற்றுப் பக்கமாக மெல்லத் தூக்குங்கள். கோடைப் பலத்தில் வெட்டி இழுத்தால் 6எக்ஸ் நூல் அறுந்துவிடும்.

முடிச்சில் ஒரு கவனம்: இறுக்கும் முன் எச்சிலால் நனைக்க வேண்டும். உலர்ந்த ஃபுளோரோகார்பன் உராய்ந்து சூடேறி, முடிச்சிலேயே பலம் இழக்கும். குளிரின் அவசரத்தில் இதை விட்டுவிடுகிறார்கள். இரண்டு ஃபிளையும் கட்டிய நூல் ஐந்தாறு முந்தின இரவு வீட்டு மேசையிலேயே தயார் செய்து, ஒரு நுரைத்துண்டில் சுற்றி எடுத்துப் போங்கள். ஆற்றில் ஒரே முடிச்சோடு வேலை முடியும்.

வளையத்தில் கட்டும் பனி

காற்று பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் கழியின் வளையங்களில் பனி கட்டியே தீரும். நூலைக் கையால் இழுக்கும் ஒவ்வொரு முறையும் அதன்மேல் ஒட்டிய தண்ணீர் வளையத்தில் வழிக்கப்பட்டு உறைகிறது. நுனி வளையம் முதலில் அடைபடும். அதைக் கவனிக்காமல் பெரிய மீன் ஒன்று மாட்டிவிட்டால், நூல் ஓட வழியின்றி அறுந்துபோகும்.

பனியை விரலால் உடைக்கவோ நகத்தால் நெம்பவோ கூடாது. நுனி வளையம் பிடுங்கிக்கொண்டு வரும். சில கழிகளில் வளையத்தின் உள்ளே பதித்த பீங்கான் தெறித்துவிடும். கழியின் மேற்பாதியைத் தண்ணீரில் பத்து விநாடி முக்கினால் போதும். ஆற்றுநீர் பூஜ்யத்துக்கு மேலே இருப்பதால் பனி தானே கரையும். ரீலை மட்டும் நனைக்காதீர்கள். உள்ளே நீர் புகுந்து உறைந்தால் சுழலாது.

உதட்டுக்குப் பூசும் மெழுகையோ சிலிக்கோன் கிரீஸையோ வளையத்தில் தடவலாம். அரை மணி நேரம் தாங்கும். நிலையான வழி வேறு: நூலை இழுக்காமலே மீன்பிடிப்பது. 6 முதல் 8 மீட்டர் நூலை வெளியே விட்டு, அந்த நீளத்தை மாற்றாமல், ஓட்டம் முடிந்ததும் நீரின் இழுப்பைப் பயன்படுத்தி அப்படியே மேலாற்றுக்குத் தூக்கிப் போடுங்கள். தூரம் வேண்டுமென்றால் நூலை நீட்டாமல், நாமே ஓரடி நகர வேண்டும்.

கால், கை, உடை

குளிர் தாங்க இரண்டு தடித்த கம்பளிக் காலுறை போட்டு, அதற்குமேல் இறுக்கமான காலணி மாட்டுவது எல்லோரும் செய்யும் தவறு. பாதத்தில் ரத்தம் ஓடாது. எத்தனை காலுறை போட்டாலும் விறைக்கும். ஒரு மெல்லியது, ஒரு தடித்தது. கால்விரலை உள்ளே தாராளமாக மடக்கி நீட்ட இடம் வேண்டும். இல்லையென்றால் ஓர் எண் பெரிய காலணி. விரலுக்கடியில் வைக்கும் சூட்டுப் பொட்டலங்கள் இரும்புத்தூள் காற்றோடு சேர்ந்து துருப்பிடிப்பதால் சூடேறுபவை. வேடர்ஸ் என்ற, மார்பு வரை வரும் நீர்புகா காற்சட்டைக்குள் காற்றே போகாது; அங்கே சீக்கிரம் அணைந்துவிடும். அதை நம்புவதைவிட அரை மணிக்கொரு முறை கரையேறி நடப்பது மேல்.

பருத்தி உடை ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது. வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே உடம்போடு ஒட்டி நிற்கும். கம்பளி அல்லது பாலியெஸ்டர்தான் சரி. சீஸ்மன் பள்ளத்தாக்குக்குள் கில் டிரெயில் என்ற பாதை வழியே நடந்துதான் போக வேண்டும். எல்லா உடையையும் போட்டுக்கொண்டு நடந்தால் ஆற்றை அடையும் முன்பே வியர்த்துவிடும். மேலுடையைப் பையில் வைத்துக்கொண்டு சற்றுக் குளிரவே நடங்கள், ஆற்றங்கரையில் போட்டுக்கொள்ளலாம்.

ஃபெல்ட் என்ற, நெய்யாமல் அழுத்திச் செய்த துணி அடிப்பாகம் கொண்ட காலணி பனியில் ஆகவே ஆகாது. நாலு அடி நடந்ததும் அடியில் பனி உருண்டையாகத் திரளும், கணுக்கால் மடியும். ரப்பர் அடி, அதில் உலோக ஆணி. கைக்கு விரல் நுனி திறந்த கம்பளியுறை, மாற்றுக்கு இன்னொரு ஜோடி, உலர்ந்த சிறு துண்டு. நனைந்த கையைத் துடைத்த பிறகே உறை மாட்ட வேண்டும்.

தண்ணீரில் விழுவது

முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள். மீன் மெதுநீரில் கரைக்குப் பக்கமாகவே நிற்கும் பருவத்தில் அதற்குத் தேவையும் இல்லை. கரையோரம் தட்டாக நீட்டி நிற்கும் பனியின்மேல் ஏறக் கூடாது. ஆற்று மட்டம் இறங்கியிருந்தால் அதற்கடியில் வெற்றிடம்; தாங்காது.

வேடர்ஸில் தண்ணீர் புகுந்தால் கல் போல உள்ளே இழுக்கும் என்று ஒரு பயம் உண்டு. தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடையில்லை, அது மூழ்கடிக்காது. கரையேறும்போதுதான் அந்தக் கனம் தெரியும். அதனால் இடுப்புப் பட்டையை எப்போதும் இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும். விழுந்த முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுப்பாடில்லாமல் இரைக்கும். வாயைத் தண்ணீருக்கு மேலே வைத்து, அது அடங்கும்வரை பொறுக்க வேண்டும். அதன் பின் கைகால் சொன்னபடி கேட்பது ஏறக்குறைய பத்து நிமிடம்தான். அதற்குள் வெளியே வந்தாக வேண்டும். காரில், நீர்புகாப் பையில், உள்ளாடை முதல் தொப்பி வரை மாற்றுடை ஒரு செட் கட்டாயம். மது வேண்டாம்; தோலின் ரத்தக்குழாய்களை விரித்து உள்ளிருக்கும் சூட்டை வெளியேற்றும்.

விழாமலேயே உடம்பு குளிர்ந்துபோவதும் உண்டு. தினமும் போடும் முடிச்சு இரண்டு முறை தவறினால், அது உடம்பு தரும் முதல் எச்சரிக்கை. அப்போதே கிளம்பிவிடுங்கள்.

பிடித்த மீனைக் கொல்வது

சீஸ்மன் பள்ளத்தாக்கில் பிடித்த மீனை விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். விடுகிற மீன் பிழைக்க வேண்டும் அல்லவா? செவுள் என்பது மயிரிழை போன்ற ரத்தக் கீற்றுகளின் அடுக்கு. மைனஸ் காற்றில் மீனைத் தூக்கினால் சில விநாடிகளிலேயே அந்த ஈரக் கீற்றுகளில் பனி படியத் தொடங்கும். விட்டதும் நன்றாக நீந்திப் போவது போலத்தான் நமக்குத் தெரியும், பாதிப்பு உள்ளே இருக்கும். கண்ணும் அப்படியே பாதிக்கப்படும். பனித்தரையில் கிடத்திப் படமெடுப்பது இதைவிட மோசம். தோலின் வழவழப்பு பனியோடு ஒட்டிப் பிய்ந்துவிடும்.

ரப்பர் வலை வைத்துக்கொள்ளுங்கள். மீன் வலைக்குள், வலை தண்ணீருக்குள். முள்ளின் நுனியில் பின்னோக்கி நிற்கும் சிறு செதிலை முன்கூட்டியே இடுக்கியால் நசுக்கிவிட்டால், ஒரு திருப்பில் முள் கழன்றுவரும். கையுறையோடு மீனைத் தொடக் கூடாது. நனைத்த வெறுங்கை மட்டும். படம் வேண்டுமென்றால் தண்ணீருக்குள் வைத்தே எடுங்கள்.

முட்டைப் படுகையை மிதிப்பது

பிரவுன் டிரவுட் அக்டோபர், நவம்பரில் முட்டையிடும். பெண்மீன் வாலால் சரளையை அடித்துக் குழிபறித்து முட்டையிட்டு, மேலாற்றுச் சரளையைத் தள்ளி மூடும். முட்டை குளிர்காலம் முழுக்க அந்தக் கற்களுக்கிடையில் இருக்கிறது. பொரித்த குஞ்சும் மஞ்சட்கருப் பையோடு வசந்தம் வரை வெளியே வராது. ஒரு காலடி போதும், நூற்றுக்கணக்கில் நசுங்க.

நவம்பரில் அந்த இடத்தை அடையாளம் காணலாம். சுற்றிலும் பாசி படிந்த கற்களுக்கு நடுவே கழுவி வைத்தது போல வெளிறிய வட்டம். கார் டயர் அளவோ அதைவிடப் பெரிதோ இருக்கும். மேலாற்றுப் பக்கம் ஒரு குழி, அதை அடுத்து ஒரு மேடு. அக்கறை உள்ளவர்களும் இங்கே தவறுகிறார்கள். குழியைச் சுற்றிக்கொண்டு மேட்டின்மேல் கால் வைக்கிறார்கள். முட்டைகள் இருப்பது அந்த மேட்டுக்குள்.

ஜனவரிக்குள் பாசி திரும்பவும் படிந்து வட்டம் மறைந்துவிடும்; முட்டை அங்கேயேதான் இருக்கும். ஆகவே முழங்காலளவு நீரில், கோலிக்குண்டு முதல் கோழிமுட்டை வரை அளவுள்ள சரளை பரந்த இடத்தில், முக்கியமாக மடுவின் வால்பகுதியில், இறங்கவே வேண்டாம். கடக்க வேண்டுமானால் பெரிய பாறைகளோ மணலோ உள்ள இடம் பார்த்துக் கடக்கலாம். குளிர் விடும் நேரத்தில் ரெயின்போ டிரவுட்டின் முறை வரும். ஆழமில்லாத சரளையில் இரண்டு மூன்று பெரிய மீன்கள் ஓடாமல் ஒரே இடத்தில் நின்றால், அவை முட்டையிட வந்தவை. அவற்றின்மேல் தூண்டில் வீசாமல் கரையோடு நடந்து அடுத்த மடுவுக்குப் போய்விடுங்கள்.