பெட்டைக்குதிரையின் பருவச் சுழற்சியை ஹார்மோனால் நகர்த்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வழக்கமாகக் கையில் இருக்கும் ஹார்மோன்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சுழற்சியைச் சற்று முன்னே தள்ளும், அல்லது சில நாள் நிறுத்தி வைக்கும். உறங்கும் சினைப்பையை அவை எழுப்பித் தரா. சினைப்பை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் போட்ட ஊசிதான் பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம்.

பெட்டைக்குதிரையின் சுழற்சி 21–22 நாள். அதில் பருவம், அதாவது பொலிகுதிரையை ஏற்கும் காலம், 5–7 நாள் நீடிக்கும். அது முடிய 24–48 மணி நேரம் இருக்கும்போது முட்டை வெளிப்படும். பிறகு அந்த இடத்தில் கார்பஸ் லூட்டியம் என்ற சுரப்பித் திசு உருவாகி, பருவத்தைத் தடுக்கும் புரோஜெஸ்ட்டிரோன் ஹார்மோனை இரண்டு வாரம் சுரக்கும்.

நாள் தெரியாமல் புரோஸ்டாகிளாண்டின் போடுவது

இந்த ஊசி கார்பஸ் லூட்டியத்தைக் கரைக்கிறது; புரோஜெஸ்ட்டிரோன் குறைந்து பருவம் திரும்புகிறது. முட்டை வெளிப்பட்டு 5 நாள் ஆகும் முன் ஒரு முறை போட்டால் பொதுவாகப் பலன் இல்லை. கார்பஸ் லூட்டியம் இன்னும் முதிர்ந்திருக்காது. சரியான நாளில் போட்டால் 2–5 நாளில் பருவம் வரும். ஆனால் முட்டை எப்போது வெளிப்படும் என்பதை ஊசி தீர்மானிப்பதில்லை. ஊசி போட்ட அன்று சினைப்பையில் சிறு ஃபாலிக்கிள்கள் (முட்டை வளரும் நீர்ப்பைகள்) மட்டும் இருந்தால் 10 நாளுக்கு மேலும் ஆகலாம். ஏற்கெனவே 35 மி.மீ.க்கு மேல் ஒன்று இருந்தால், குதிரை பருவக் குறியே சரியாகக் காட்டாமல் இரண்டு மூன்று நாளில் முட்டையை விட்டுவிடலாம். “ஊசி போட்டு ஒரு வாரம் கழித்துப் பொலிகுதிரையிடம் கொண்டுபோவோம்” என்று காத்திருப்பவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். ஊசிக்கு முன் ஸ்கேன் செய்து பெரிய ஃபாலிக்கிளின் அளவைக் குறித்துவையுங்கள். சினை இல்லை என்பதையும் அதே ஸ்கேனில் உறுதிப்படுத்த வேண்டும். இருந்தால் இந்த மருந்து கருவைக் கலைத்துவிடும்.

மாட்டின் கணக்கைக் குதிரைக்கு ஒட்டுவது

புரோஸ்டாகிளாண்டின் வகை மருந்தான குளோபுரோஸ்டெனால் மாட்டுக்கு 500 மைக்ரோகிராம். குதிரைக்கு 250 போதும். அதே வகையான டைனோபுரோஸ்ட் என்றால் 5–10 மி.கி. அளவு கூடினால் பலன் கூடாது; வியர்வையும் வயிற்று வலியும்தான் கூடும். சரியான அளவிலேயே ஊசி போட்ட அரை மணிக்குள் வியர்ப்பது உண்டு, பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடும். பசுக்களுக்கான நாள் குறித்த ஊசி வரிசையும் குதிரைக்கு உதவாது: குதிரையில் எல்.ஹெச். (முட்டை வெளிப்படத் தூண்டும் ஹார்மோன்) ஒரே வீச்சில் ஏறாமல் பல நாளாக மெல்ல ஏறுகிறது. அதனால் எல்.ஹெச். சுரக்கத் தூண்டும், பசுவுக்குப் போதுமான ஒற்றை கொனடோரெலின் ஊசி இங்கே நம்பத்தக்கதல்ல.

பனிக்கால ஓய்வில் ஆல்ட்ரினோஜெஸ்ட் கொடுப்பது

வட அரைக்கோளத்தில் பந்தயக் குதிரைகளின் வயது ஜனவரி 1 முதல் கணக்காகிறது, இந்தியாவிலும் அப்படித்தான். சினைக்காலம் ஏறத்தாழ 340 நாள். எனவே ஆண்டின் தொடக்கத்திலேயே குட்டி பிறக்க, பிப்ரவரியிலேயே இணை சேர்க்க எல்லோருக்கும் அவசரம். ஆனால் பகல் குறுகிய பனிக்காலத்தில் சினைப்பை முழு ஓய்வில் இருக்கும்; அப்போது ஆல்ட்ரினோஜெஸ்டை (புரோஜெஸ்ட்டிரோனைப் போல வேலை செய்யும் மருந்து) கொடுப்பது வீண் செலவு. அந்தக் கட்டத்தில் வேலை செய்வது வெளிச்சம்: இயற்கை ஒளியும் விளக்கும் சேர்ந்து நாளுக்கு 16 மணி நேரம், குறைந்தது 60 நாள். 12 அடிக்கு 12 அடி லாயத்தில் பழைய 100 வாட் குண்டு பல்பின் வெளிச்சம் போதுமானது. மாலையில் சூரியன் மறைந்ததும் விளக்கைப் போட்டு இரவு வரை நீட்டுங்கள். இரவு முழுதும் எரியவிடுவது தவறு. குதிரைக்கு இருளும் தேவை.

20 மி.மீ.க்கு மேற்பட்ட ஃபாலிக்கிள்கள் பல தோன்றிய பிறகு ஆல்ட்ரினோஜெஸ்ட் பயன்படும். கிலோவுக்கு 0.044 மி.கி., அதாவது 2.2 மி.கி./மி.லி. கரைசலில் 500 கிலோ குதிரைக்கு 10 மி.லி., தினமும் வாய்வழி, 15 நாள். இடையில் ஒரு நாள் விட்டாலும் ஒத்திசைவு குலையலாம். நிறுத்திய 4–5 நாளில் பருவம் வரும். முட்டை வெளிப்பட 8–15 நாள் ஆகலாம். இந்த அகலமான இடைவெளிக்குக் காரணம், மருந்து பருவக் குறியை அடக்கினாலும் ஃபாலிக்கிள் வளர்ச்சியை முழுதாக அடக்குவதில்லை. மருந்து கொடுக்கும்போதே முட்டை வெளிப்பட்டுப் புதிய கார்பஸ் லூட்டியம் உட்கார்ந்திருக்கலாம். ஆகவே கடைசி நாளில் ஒரு புரோஸ்டாகிளாண்டின் ஊசியைச் சேர்ப்பது நல்லது. இன்னும் நெருக்கமாக நாள் குறிக்க வேண்டுமானால், புரோஜெஸ்ட்டிரோன் 150 மி.கி., எஸ்ட்ராடயால்-17பீட்டா 10 மி.கி. சேர்ந்த எண்ணெய் ஊசி தினமும் 10 நாள், பத்தாம் நாளில் புரோஸ்டாகிளாண்டின். கருப்பையில் தொற்று உள்ள குதிரைக்கு இவை எதுவும் வேண்டாம். புரோஜெஸ்ட்டிரோன் கருப்பையின் எதிர்ப்பைத் தளர்த்தும்.

ஹெச்.சி.ஜி.யை அவசரப்பட்டுப் போடுவது

ஹெச்.சி.ஜி. முட்டை வெளிப்படத் தூண்டும் ஹார்மோன் ஊசி. அதைப் போட 35 மி.மீ. ஃபாலிக்கிள் மட்டும் போதாது. கருப்பைச் சுவரில் வீக்கமும் தெரிய வேண்டும். ஸ்கேனில் குறுக்கே வெட்டிய சாத்துக்குடி போலிருக்கும். இரண்டும் இருக்கையில் 1500–3000 ஐ.யு. போட்டால் பெரும்பாலும் 36 மணி நேரத்தை ஒட்டி, 48 மணிக்குள் முட்டை வெளிப்படும். ஒரே பருவகாலத்தில் மூன்றாம், நான்காம் முறை போடும்போது எதிர்ப்பொருள் உருவாகிப் பலன் குறையலாம். அப்போது முட்டை வெளிப்படத் தூண்டும் இன்னொரு மருந்தான டெஸ்லோரெலினுக்கு மாறுங்கள். ஊசி போட்டதோடு விட்டுவிடாமல், முட்டை வெளிப்பட்டதா என்று 48 மணியில் ஸ்கேன் செய்யுங்கள். இரண்டு ஃபாலிக்கிள்கள் சேர்ந்து வெடித்திருந்தால் முட்டை வெளிப்பட்ட 14–16ஆம் நாளில் இரட்டைக் கருவைத் தேட வேண்டும். ஒன்றை நசுக்கி அகற்ற அதுவே எளிதான காலம்.

சினையாகி 35 நாளுக்குப் பின் கரு கலைந்தால் புரோஸ்டாகிளாண்டினை நம்பி உடனே மறுபடி இணை சேர்க்க முடியாது. அதற்குள் கருவிலிருந்து வந்து கருப்பைச் சுவரில் பதிந்த எண்டோமெட்ரியல் கப்கள் என்ற திசுக்கள், கரு இல்லாவிட்டாலும் ஏறத்தாழ 120ஆம் நாள் வரை இ.சி.ஜி. என்ற ஹார்மோனைச் சுரந்து சீரான பருவத்தைத் தடுக்கும்.

வெறுங்கையால் தொடுவது

புரோஸ்டாகிளாண்டினும் ஆல்ட்ரினோஜெஸ்டும் தோல் வழியே உடலுக்குள் போகும். கர்ப்பிணிகள் இவற்றைத் தொடவே கூடாது. புரோஸ்டாகிளாண்டின் என்றால் ஆஸ்துமா உள்ளவர்களும். லேடெக்ஸ் கையுறையை ஆல்ட்ரினோஜெஸ்ட் ஊடுருவும். நைட்ரைல் கையுறை அணியுங்கள். சிந்தினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.