சுஷி பார்சல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சோற்று உருண்டை மேல் மீன் வைத்துப் பிடிக்கும் ஜப்பானிய உணவான சுஷியைப் பார்சல் வாங்குகிறவர்கள் கவலைப்படுவதெல்லாம் மீனைப் பற்றித்தான். பச்சை மீனாச்சே, வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று. ஆனால் ஜப்பானில் தெருமுனைச் சின்னக் கடையில் வாங்கிய நல்ல சுஷி வீட்டு மேசைக்கு வருவதற்குள் கெட்டுப்போகிறது என்றால், பெரும்பாலும் அது சோற்றை நாம் நடத்திய விதத்தால்தான். டோக்கியோவில் நிஷி கசாய் பக்கம் குடிவந்திருக்கும் நம்மவர்களுக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன்.

வினிகர், உப்பு, சர்க்கரை கலந்த சோற்றைக் கிட்டத்தட்ட உடம்புச் சூட்டில் வைத்துத்தான் கடைக்காரர் பிடிக்கிறார். வாயில் போட்டதும் பருக்கை பருக்கையாக உதிர வேண்டும் என்பது அவர் கணக்கு. அந்தப் பெட்டியை வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜில் வைப்பதுதான் ஆகப் பெரிய தவறு. ஃப்ரிட்ஜ் குளிரில் சோற்றின் மாவுச்சத்து மறுபடி இறுகிவிடும். முதல் நாள் சோறு ஃப்ரிட்ஜில் விறைத்துக் கிடப்பதும் இதனால்தான். ஒருமுறை விறைத்த சுஷி, வெளியே எடுத்து வைத்தாலும் பழைய பதத்துக்குத் திரும்பாது. அதைச் சாப்பிட்டுவிட்டு ‘சுஷி எனக்குப் பிடிக்கவில்லை’ என்று சொல்கிறவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

சரி, அதற்காக வெளியே எவ்வளவு நேரமும் வைக்கலாமா? கூடாது. வாங்கி இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிடுங்கள் என்றுதான் கடைகளில் பொதுவாகச் சொல்வார்கள். எனவே சாப்பாட்டு நேரத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ப வாங்கப் போங்கள். மதியமே வாங்கி ராத்திரிக்கு வைத்துக்கொள்கிற பொருள் அல்ல இது. காலையிலேயே போன் செய்து ‘ஆறரைக்கு வருகிறேன்’ என்று சொல்லிவிட்டால், நீங்கள் போகும் நேரத்தை ஒட்டிப் பிடித்து வைப்பார்கள். ஜூலை, ஆகஸ்டில் டோக்கியோ வெயில் 30 டிகிரியைத் தாண்டும்; அப்போது சின்ன ஐஸ் பொட்டலம் கேட்டு வாங்குங்கள். அதைப் பெட்டியின் மூடி மேல் வையுங்கள். அடியில் வைத்தால் குளிர் நேராகச் சோற்றில் ஏறும்.

அப்புறம், தூக்கிவரும் விதம். பெட்டிக்குள் சுஷி இடைவெளி இல்லாமல் வரிசையாக அடுக்கியிருக்கும். நடுவில் பல் பல்லாக வெட்டிய பச்சை பிளாஸ்டிக் இலை, ஒரு மூலையில் இஞ்சி ஊறல், கூடவே மீன் வடிவக் குப்பியில் சோயா சாஸ். முதுகுப்பையில் செங்குத்தாகச் செருகினாலோ சைக்கிள் கூடையில் சாய்த்து வைத்தாலோ எல்லாம் ஒரு பக்கம் சரிந்து, சால்மன் முட்டைகள் இஞ்சிக்குள் உருண்டுவிடும். தட்டையாகக் கையில் பிடித்து வருவதே நல்லது.

மீனுக்கு வருவோம். ‘இன்று பிடித்த மீனா?’ என்று கேட்பதில் பெரிய பயன் இல்லை. ஜப்பானில் விற்கும் சூரை மீனில் பெரும்பகுதி மைனஸ் 60 டிகிரி அளவில் உறைய வைத்து வருவதுதான். அதில் குறை ஒன்றும் இல்லை. கானாங்கெளுத்தி, கணவாய் போன்றவற்றில் இருக்கக்கூடிய அனிசாகிஸ் என்னும் புழு, மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரம் உறைந்தால் செத்துவிடும். வினிகரும், வசாபி என்னும் காரமான பச்சை விழுதும் அதைக் கொல்லாது. எனவே சந்தையில் முழு மீன் வாங்கி வீட்டிலேயே பச்சையாகச் செய்து பார்க்கும் ஆசை வேண்டாம். கர்ப்பிணிகள் பச்சை மீனைத் தவிர்ப்பது நல்லது. பெரிய சூரை வகைகளில் பாதரசமும் உண்டு என்பதால், அவற்றுக்கு ஜப்பான் சுகாதார அமைச்சகம் கர்ப்பிணிகளுக்கென்று வார அளவே வகுத்திருக்கிறது.

முதல் தடவையே விலை உயர்ந்த பெட்டியை எடுப்பதும் வேண்டாத வேலை. பல கடைகளில் நமி (சாதாரணம்), ஜோ (உயர்வு), தொகுஜோ (மிக உயர்வு) என்று மூன்று தரம் இருக்கும். தொகுஜோவில் கடல் முள்ளெலி, சால்மன் முட்டை, கொழுப்பு மிகுந்த சூரை எல்லாம் வரும். பழகாத நாக்குக்கு அந்தச் சுவைகள் கனமானவை. சாதாரண நமியில் வெந்த இறால், முட்டை, சிவப்புச் சூரை, வெள்ளரிச் சுருள் என்று எளிதாகத் தொடங்கலாம். சால்மன் இல்லையே என்று கடையைக் குறைத்து எடைபோடாதீர்கள். நார்வேக்காரர்கள் 1980-களில் விளம்பரம் செய்த பிறகுதான் சால்மன் சுஷிக்குள்ளேயே வந்தது. பழைய முறையில் நடக்கும் சில கடைகளில் இன்றும் அது கிடையாது.

வசாபி வேண்டாம் என்றால் ஆர்டர் கொடுக்கும்போதே ‘சபி நுகி’ என்று சொல்லிவிடுங்கள். மீனுக்கும் சோற்றுக்கும் நடுவில் தடவிப் பிடித்த பிறகு வழித்து எடுப்பது கஷ்டம். சைவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: மீன் கண்ணில் படவில்லை என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். சோறு திணித்த இனாரியின் டோஃபு உறை, கன்ப்யோ எனும் சுரைக்காய்ப் பட்டை, முட்டை எல்லாவற்றிலும் பெரும்பாலும் தாஷி சேரும். நம்மூர் மாசிக் கருவாடு போலக் காய்ந்த மீனைச் சீவிக் கொதிக்க வைத்த சாறு அது. வெள்ளரி வைத்த சுருளான கப்பா மாகிதான் இருப்பதில் பாதுகாப்பு. மதுவைத் தவிர்ப்பவர்கள் மிரின் என்னும் இனிப்புச் சமையல் மது சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். கடையிலேயே செய்து நேரில் விற்கும் பெட்டிக்கு ஒவ்வாமைப் பட்டியல் ஒட்ட வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் இல்லை. இறாலோ கோதுமையோ ஒத்துக்கொள்ளாதவர்கள் வாய்விட்டுக் கேட்டே ஆக வேண்டும். சோயா சாஸிலேயே கோதுமை இருக்கிறது.

சாப்பிடும்போது சோற்றுப் பக்கத்தை சாஸில் முக்கினால் உருண்டை உடைந்து, உப்பு மட்டுமே நாக்கில் நிற்கும். கையால் எடுத்துச் சாய்த்து மீன் பக்கத்தை லேசாகத் தொடுங்கள். கையால் சாப்பிடுவது அங்கே மரியாதைக் குறைவே இல்லை. கடல் விலாங்கின் மேல் இனிப்புச் சாறு ஏற்கெனவே தடவியிருக்கும், அதற்கு சாஸே வேண்டாம். இஞ்சியைச் சுஷியின் மேல் வைக்காமல், ஒரு மீனுக்கும் அடுத்ததற்கும் நடுவில் கடித்துக்கொள்ளுங்கள்.

மிச்சமானால் மறுநாள் பச்சையாகச் சாப்பிட வைக்காதீர்கள். அன்றே மீனைத் தனியாக எடுத்து, வாணலியில் கொஞ்சம் எண்ணெய் விட்டு நன்றாக வேகும்வரை வாட்டி, சோற்றை மைக்ரோவேவில் சூடாக்கிச் சேர்த்துச் சாப்பிட்டுவிடுங்கள்.