ஜன்னலில் வழிந்த தண்ணீர்

டொராண்டோவில் நவம்பரில் மூடும் ஜன்னலை ஏப்ரலில்தான் திறப்போம். ஜனவரியில் தினமும் காலையில் கண்ணாடியில் தண்ணீர் வழியும். கீழே மரச்சட்டத்தில் கறுப்பாகப் பூஞ்சணம். ஜன்னல் ஒழுகுகிறது என்றார் கணவர். வெளியே மைனஸ் 15-இல் எந்தத் தண்ணீர் ஒழுகும்?

வந்தது எங்கள் சமையலறையிலிருந்துதான். சோறு, சாம்பார், இட்லி ஆவி, போதாததற்கு அறைக்குள் காயும் துணி. 21 டிகிரி சூடுள்ள அறையில் ஈரப்பதம் 50 சதவீதம் என்றால், சுமார் 10 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன்மேலும் நீர் படியும்.

ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கினேன். சமைக்கும்போதும் முடித்துக் கொஞ்ச நேரமும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும். குளித்த பிறகும் அப்படியே. (ஃபேன் காற்றை வெளியே தள்ளுகிறதா என்று பாருங்கள். சில வீடுகளில் வடிகட்டி மறுபடி உள்ளேயே விடும்.) பாத்திரங்களுக்கு மூடி. ஹீட்டர் காற்று கண்ணாடியில் படட்டும் என்று இரவில் திரையை முழுக்க இழுப்பதில்லை. துணி டிரையருக்குப் போனது. கரண்ட் பில் கொஞ்சம் ஏறியது, போகட்டும்.

பூஞ்சணத்தைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து நன்றாகக் காயவிட்டேன். அப்புறம் மீட்டர் 35-க்கு இறங்கியதும் வழிவது நின்றது. மைனஸ் 25 போகும் நாட்களில் மட்டும் ஓரங்களில் லேசாகப் படியும். அதற்கு ஒரு பழைய துண்டு போதும்.