பச்சையெல்லாம் காடு இல்லை: நீலகிரிக்கு ஆய்வுக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஊட்டியில் ஒரு பயிலரங்கு. முதல் தடவையாக மலையில் ஆய்வு செய்ய வந்த ஐந்தாறு பேர் செயற்கைக்கோள் படங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒரு பெண், "அக்கா, முப்பது வருசத்துல இங்க காடு கூடியிருக்கு, பாருங்க" என்று மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு படத்தை, இதே சந்தோஷத்தோடு, நான் இன்னொருவருக்குக் காட்டியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். அட்டைப்பூச்சிக்கு என்ன செய்வது, எந்தச் செருப்பு வழுக்காது என்பதையெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

அனுமதி இல்லாமல் கிளம்புவது

வனத்துறை அனுமதி கையில் வராமல் பேருந்து ஏறாதீர்கள்.

மலை முழுக்க ஒரே மழை என்று கணக்குப் போடுவது

"நீலகிரியின் சராசரி மழை" என்று ஒரு எண்ணை எழுதிவிட்டு அதிலிருந்து வறட்சி, வெள்ளம் எல்லாவற்றையும் விளக்கப் பார்க்கிறார்கள். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. மசினகுடியோ மழை மறைவுப் பகுதி. குன்னூரும் கோத்தகிரியும் வடகிழக்குப் பருவமழையை நம்பி இருப்பவை, 2009 நவம்பரில் பெரிய மண்சரிவுகள் வந்ததும் அந்தப் பக்கம்தான். வானிலைத் துறையின் கட்டம் கட்டமான மழைத் தரவில் ஒரு கட்டம் 25 கிலோமீட்டருக்கு மேல் அகலம், மாவட்டமே நாலைந்து கட்டத்துக்குள் அடங்கிவிடும். தேயிலை எஸ்டேட் ஆபீஸ்களில் மழைக் கணக்கு நோட்டு இருக்கும். போய்க் கேளுங்கள், பழைய மேனேஜர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை.

பச்சையாகத் தெரிவதையெல்லாம் காடு என்று எண்ணுவது

இதைத்தான் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

மேல் நீலகிரியில், ஏறக்குறைய 1,800 மீட்டருக்கு மேலே, சோலையும் (குட்டை மரங்கள் அடர்ந்த மலைக்காடு) புல்வெளியும் சேர்ந்ததுதான் இயற்கை நிலம். ஓடை போகும் மடிப்புகளில் சோலை, திறந்த மேடுகளில் புல். யாரோ மரத்தை வெட்டியதால் வந்த புல் இல்லை அது. டிசம்பர், ஜனவரியில் இறங்கும் உறைபனி திறந்த மேட்டில் சோலைக் கன்றுகளைக் கருக்கிவிடும், புல் தாங்கிக்கொள்ளும். சாண்டிநல்லா சதுப்பின் கரிமண்ணை ஆராய்ந்தவர்கள், இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல் இருந்ததைக் காட்டியிருக்கிறார்கள்.

வெள்ளைக்காரர்களுக்கு இது தரிசாகத் தெரிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரமும் சீகை மரமும் (வாட்டில் என்று சொல்வார்களே, அதுதான்) கொண்டுவந்து வைத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் நாம் நிறுத்தவில்லை, தோல் பதனிடவும் மரக்கூழுக்கும் என்று இன்னும் அதிகமாக நட்டோம். அப்புறம் சீகை தானாகவே பரவ ஆரம்பித்தது. பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு மரத்தோட்டத்துக்கும் விவசாயத்துக்கும் போய்விட்டது.

இப்போது செயற்கைக்கோள் படத்துக்கு வாருங்கள். மேகம் இல்லாத படம் வேண்டுமென்று எல்லோரும் ஜனவரிப் படத்தை எடுக்கிறோம். அந்த மாதத்தில் பனி அடித்த புல் பழுப்பாக இருக்கும், சீகை கரும்பச்சையாக இருக்கும், சோலையும் கரும்பச்சை. கணினிக்கு இரண்டும் ஒன்று. புல்வெளியைச் சீகை விழுங்கியது "காடு பெருகியது" என்று வெளியே வருகிறது. அரசின் வன அளவையிலும் ஒரு ஹெக்டேருக்கு மேல் பரப்பும் 10 சதவீத மர விதானமும் இருந்தால் அது வனப்பரப்பு, என்ன மரம் என்ற கேள்வியே அங்கே கிடையாது. எனவே நம் எண்ணும் அரசின் எண்ணும் ஒத்துப்போகும், நமக்கும் நம்பிக்கை வந்துவிடும்.

எனக்கு வந்தது. அதோடு நிற்கவில்லை, மீதமிருந்த பழுப்புச் சரிவுகளைக் "காலநிலைத் தகவமைப்புக்காக மரம் நட உகந்தவை" என்று அறிக்கையில் குறித்தேன். ஒரு நிறுவனம் அதை எடுத்துக்கொண்டு ஒரு சரிவு முழுக்கக் குழி வெட்டி நட்டது. அந்த ஜனவரியில் பாதிக்கு மேல் கருகின. புல்லைக் கொத்திய இடத்திலெல்லாம் களை ஏறியது. அந்தச் சரிவுக்குக் கீழே ஒரு சதுப்பு, பக்கத்து மந்தின் (தோடர் பழங்குடிகளின் குடியிருப்பு) தோடர்கள் தங்கள் கோயில் கூரைக்குப் புல் அறுக்கும் இடம். நான் மறுபடி போனபோது ஒரு பெரியவர் கூட நடந்து வந்தார். "இங்க மரம் எப்பவும் இருந்ததில்லம்மா. யாரைக் கேட்டு நட்டாங்க?" என்றார். யாரையும் கேட்கவில்லை. முதலில் கேட்டிருக்க வேண்டிய ஆள் நான். ஒரு வருடம் அந்த மலையில் நடந்திருக்கிறேன், அவர் வீட்டில் டீ குடித்திருக்கிறேன், இந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்கவில்லை.

இன்றைக்கும் எரிச்சல் வருவதற்குக் காரணம், அதே தவறு இப்போது கார்பன் கணக்கு என்ற பெயரில் திரும்பி வருகிறது. புல்வெளியின் கார்பன் பெரும்பாலும் மண்ணுக்குள் இருக்கிறது, நெருப்பு வந்தாலும் அங்கேயே தங்கும். மேலே நிற்கும் மரத்தை மட்டும் அளந்தால் புல்வெளி ஏழையாகத்தான் தெரியும். வரையாட்டுக்கும் நீலகிரி நெட்டைக்காலிக்கும் நீலக்குறிஞ்சிக்கும் அந்தப் புல்வெளியை விட்டால் வேறு இடம் இல்லை.

என்ன செய்யலாம்? பனிக்காலத்துக்கு ஒன்று, மழை முடிந்த உடனே ஒன்று என்று குறைந்தது இரண்டு பருவப் படங்களை எடுங்கள். சோலை, சீகை, கற்பூரம், தேயிலை, புல் என ஐந்தாகப் பிரியுங்கள், "மரம்" என்ற ஒரே பெட்டியில் போடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் நேரில் போய் நின்று பாருங்கள். மந்துக்கும் படகர்களின் ஊரான ஹட்டிக்கும் போய், இந்த மேட்டில் உங்கள் தாத்தா காலத்தில் என்ன இருந்தது என்று கேளுங்கள்.

இதைக் கேட்டதும் சிலர் மறுபக்கம் ஓடிவிடுகிறார்கள்: சரி, எல்லாச் சீகையையும் வெட்டிவிடலாம்! அதுவும் தவறு. சீகை விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும், வெட்டி வெளிச்சம் விட்டால் கீரைப்பாத்தி போல முளைக்கும். வெட்டிய பிறகு வருடக்கணக்கில் நாற்றைப் பிடுங்க ஆளும் பணமும் வேண்டும். சில இடங்களில் வயதான சீகையின் நிழலில் சோலைக் கன்றுகள் எழுந்து வருகின்றன, அங்கே வெட்டினால் அவையும் போகும். தமிழ்நாடு அரசு அந்நிய ஊடுருவல் தாவரங்களுக்கென்று 2022ல் ஒரு கொள்கை கொண்டுவந்தது நல்லது, ஆனால் எந்தச் சரிவில் எதைச் செய்வது என்பதை அந்தச் சரிவில் நின்றுதான் முடிவு செய்ய முடியும்.

"வன நிலம்" என்று ஒரே சொல்லில் முடிப்பது

கூடலூரில் "செக்‌ஷன் 17 நிலம்" என்று கேட்டால் டீக்கடைக்காரர் அரை மணி நேரம் பேசுவார். ஜென்மம் என்ற பழைய பரம்பரை நில உடைமையை ஒழிக்க வந்த 1969 சட்டத்தின் அந்தப் பிரிவில் சிக்கிய நிலம், யாருக்குச் சொந்தம் என்ற சிக்கல் இன்னும் தீரவில்லை. அதில் பட்டா இல்லாமல் தலைமுறையாக வாழ்பவர்கள் இருக்கிறார்கள். யானை பயிரை அழித்தால் அவர்களில் பலர் இழப்பீடு கேட்டு மனுப் போடவே தயங்குவார்கள். ஆகவே இழப்பீட்டுப் பதிவேட்டை மட்டும் வைத்து "இங்கே யானைத் தொந்தரவு குறைவு" என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். வன உரிமைச் சட்டமும் அப்படித்தான். 2006ல் வந்த சட்டம், ஆனால் தமிழ்நாட்டில் நீதிமன்ற வழக்கால் உரிமைப் பட்டா வழங்குவது 2016 வரை முடங்கிக் கிடந்தது. இது தெரியாமல் மற்ற மாநில எண்களோடு ஒப்பிட்டுவிட்டு, இங்குள்ள பழங்குடிகளுக்கு ஆர்வம் இல்லை என்று எழுதிய ஒரு வரைவை நான் திருத்த வேண்டியிருந்தது.

வரையாட்டுக் கணக்கை அவசரமாகப் படிப்பது

தமிழ்நாடு முழுக்க 2024ல் 1,031, 2025ல் 1,303. கணக்கெடுத்த இடங்களும் கூடியிருக்கின்றன. ஒரே வருடத்தில் இவ்வளவு குட்டி என்று எழுதாதீர்கள்.

பதிலைக் கேள்விக்குள் வைப்பது

"காலநிலை மாறியதால் விளைச்சல் குறைந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். கேரட் போட்ட தேதியைக் கேளுங்கள், இந்த வருடம் முதல் உறைபனி எப்போது விழுந்தது என்று கேளுங்கள்.

முடிந்ததும் திரும்பிப் போகாமல் இருப்பது

வரைபடத்தைத் தமிழில் பெரிதாக அச்சடித்துக் கொண்டுபோங்கள். அந்தப் பெரியவர் முன்னால் என் புதிய படத்தை விரித்தபோது மூன்று ஊற்றுகள் இடம் மாறியிருப்பதைக் கண்டுபிடித்துப் பேனாவால் திருத்தினார். நாலாவதாக ஒரு ஊற்றின் மேல் விரலை வைத்து, இது சீகை வந்த பிறகு வற்றிவிட்டது, எடுத்துவிடு என்றார்.